டொக்டர் நவாஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை

செய்தி முதலில் வந்தது எனக்குத்தான். அது டொக்டர் நவாஸைப் பற்றிய செய்தி என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. மாத்தளை ஆஸ்பத்திரியில் எங்கள் விபத்துப் பிரிவின் போன் அடித்தது, எடுத்தேன். ஆம்புலன்ஸில் இருந்தவர் வழக்கம்போல மூச்சு விடாமல் சொன்னார். நாலந்தாவுக்குக் கிட்ட லொறியும் காரும் மோதிவிட்டன, ஆட்கள் இரண்டு பேர், ஒருவருக்குத் தொடையில் பெரிய வெட்டு, மற்றவருக்கு இடுப்பெலும்பு போயிருக்கும் போல, பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது. அந்தப் போனை வைத்துவிட்டு மற்றப் போனை எடுத்து இரத்த வங்கிக்குச் சொன்னேன். நாலந்தாவிலிருந்து இரண்டு பேர், இரண்டு பேருக்கும் இரத்தம் போகிறது. அங்கே டியூட்டியில் இருந்த நிலந்தி "ஹரி மிஸ்" என்று சிங்களத்தில் சரி சொல்லி வைத்துவிட்டாள். யார் எவர் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது டொக்டர் நவாஸ் எங்களுக்குப் போட்டுவைத்த சட்டம்.

நல்ல பகல் நேரம். ஆம்புலன்ஸ் கதவு திறந்தது. முதல் ட்ரொலியில் லொறி டிரைவர் வந்தார். இரண்டாவது ட்ரொலியில் டொக்டர் நவாஸ் வந்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஓடிய முதல் எண்ணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். லீவு எடுத்த நாளிலும் இந்த மனுஷன் வேலைக்கு வந்துவிட்டாரே என்று நினைத்தேன். ட்ரொலியில் படுத்துக்கொண்டு யாராவது வேலைக்கு வருவார்களா? ஆனால் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்தி சாய்வதற்குள் அவர் தியேட்டரில் இறந்துபோனார். இன்றைக்கும் இரத்த வங்கி போன் அடித்தால் அவர் குரல்தான் வரும் என்று என் காது நம்பிக்கொண்டிருக்கிறது. காதுக்கு யார் போய்ச் சொல்வது?

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் உங்களில் பலர் இப்போது அவரைப் பற்றி ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். தனக்கு வந்த ப்ளாஸ்மாவை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பக்கத்துக் கட்டிலில் கிடந்த டிரைவருக்குக் கொடுக்கச் சொல்லி, அப்படியே உயிரை விட்டாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் இரண்டு பேர் அதைச் சொன்னார்கள், பேஸ்புக்கில் அவர் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டிலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவில் நின்றவள் நான். கதை பொய். அந்தப் பொய்யைக் கேட்டு அவருடைய மனைவி ஃபரீனா சோறு தண்ணியில்லாமல் கிடந்தார். அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. என் பெயர் சரோஜா, விபத்துப் பிரிவில் நர்ஸ், சொந்த ஊர் இரத்தோட்டை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். டொக்டர் நவாஸ் எங்கள் இரத்த வங்கியின் டொக்டர். மாத்தளை டவுனில் பரம்பரையாக மசாலா வியாபாரம் செய்கிற குடும்பம். கடையில் இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் சம்பாதித்திருப்பேன் என்று மாதம் ஒரு தடவையாவது சொல்வார். அதைச் சொல்லாத மாதத்தில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

ப்ளாஸ்மா என்பது இரத்தத்தில் சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற மஞ்சள் நீர். இரத்தத்தை உறையவைக்கும் பொருள் அதில்தான் இருக்கிறது. அடிபட்டு இரத்தம் கொட்டுகிற ஆளுக்கு வெறும் சிவப்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் அது உறையாமல் வெளியே வந்துகொண்டே இருக்கும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஆனால் ப்ளாஸ்மாவைக் கல்லுப் போல உறையவைத்துத்தான் வைத்திருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் போட்டு உருக்கி எடுக்கக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகும். இரத்தம் கொட்டுகிற ஆளிடம் அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் இருக்காது. டொக்டர் நவாஸின் உத்தியோக வாழ்க்கை முழுவதும் இந்த அரை மணி நேரத்தோடு போட்ட சண்டை என்று சொன்னால் பிழையில்லை.

இரத்தோட்டைப் பக்கம் பஸ் ஒன்று பள்ளத்தில் இறங்கிய நாளில் அந்தச் சண்டை தொடங்கியது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆள் வரவேண்டும், டொக்டர் பார்க்கவேண்டும், எழுதிக் கொடுக்கவேண்டும், அட்டென்டன் அடுத்த கட்டடத்துக்கு எடுத்துப்போக வேண்டும், அதன் பிறகுதான் பை தண்ணீரில் விழும். டொக்டர் நவாஸ் அன்று பையைத் துவாயில் சுற்றிக்கொண்டு தானே ஓடிவந்தார். வந்து சேர்ந்தபோது நாங்கள் அந்தப் பெண்ணின் முகத்தை மூடியிருந்தோம். பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சட்டையெல்லாம் ஈரம். ஆம்புலன்ஸிலிருந்து போன் எப்போது வந்தது என்று கேட்டார். ஆள் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே வந்தது என்றேன்.

"அந்த நேரமே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மிஸ்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண் முன்னால் ஒரு பெண் போயிருக்கிறாள், இவர் என்னடா என்றால் கேள்வி கேட்கிறார். அப்படி ஒரு வழக்கம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல. நாளைக்கு நம்மகிட்ட இருக்கும்."

சொன்னது போலவே மறுநாள் எங்கள் மேசையில் இரண்டாவது போன் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் போன் வந்தால் அதுவே எழுத்து, அதுவே கையெழுத்து. நாங்கள் சொல்வோம், அங்கே பை தண்ணீரில் விழும். ஆள் யார் என்று தெரியாது, என்ன குரூப் என்று தெரியாது. அதனால் ஏபி. சிவப்பு இரத்தத்தில் ஓ குரூப்தான் எல்லோருக்கும் பொது என்று பலருக்குத் தெரியும். ப்ளாஸ்மாவில் அது தலைகீழ். ஏபி குரூப்காரருடைய ப்ளாஸ்மாவைத்தான் யாருக்கும் ஏற்றலாம். குரூப் தெரிந்துவிட்டால் அவரவர் குரூப்புக்கு மாறிவிடலாம். ஏபிக்காரர்கள் ஊரில் அத்தனை பேர் இல்லை, ஆகவே அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிக்கவேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லித் திரிகிற கதை தடம் புரண்டது இந்த இடத்தில்தான்.

ஆள் வருவதற்கு முன்னால் உருக்குவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சில நாள் ஆள் வரமாட்டார். வழியிலேயே கண்டிக்குத் திருப்பிவிடுவார்கள், அல்லது வந்து பார்த்தால் காயம் சின்னதாக இருக்கும். உருகின ப்ளாஸ்மாவைத் திரும்ப உறையவைக்க முடியாது. குளிர்ப்பெட்டியில் கொஞ்ச நாள்தான் தாங்கும். அப்படி மிஞ்சிய நாட்களில் டொக்டர் நவாஸ் வார்டு வார்டாகப் போய், உண்மையில் தேவைப்படுகிற நோயாளி யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பார். நான் அவருக்கு மீன்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். "என்ன டொக்டர், இன்னைக்குப் பாரையா, சாளையா?" என்று கேட்பேன். முறைப்பார். ஒரு சின்ன டொக்டர், சும்மா இருக்கிறதுதானே, என் நோயாளிக்கு ஏற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்தப் பையன் வாங்கிக் கட்டிக்கொண்டதை வார்டே கேட்டது. சும்மா கொடுக்க இது சர்பத் இல்லை என்று தொடங்கினார், முடிக்கவே இல்லை.

பிறகு மேலிடத்திலிருந்து ஆள் வந்து, வீணாக ஊற்றப்பட்ட பைகளுக்கு விளக்கம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அது யாரோ தானம் கொடுத்தது. அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்ததால் அவர் சொன்ன பதிலை நேரில் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

"வீணாப் போன பைக்கு நான் பதில் சொல்றேன். பை வராம வீணாப் போன உசிருக்கு யார் பதில் சொல்ற?"

வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். உருக்குவது நிற்கவில்லை. ஆனால் அன்று முதல் மிஞ்சும் பைகளை அவர் இன்னும் கவனமாகப் பார்த்தார். தன் பதில் கெட்டித்தனமாக இருந்தது என்பதற்காக விஷயத்தை விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர்.

ஏபிக்காரர்களை அவர் நடத்தும் விதத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். விகாரையோ பள்ளிவாசலோ கோயிலோ, இரத்ததான முகாம் எங்கே நடந்தாலும் ஏபிக்காரர் ஒருவர் வந்துவிட்டால் மாப்பிள்ளை வந்த வீடு மாதிரித்தான். நாற்காலியைத் தானே இழுத்துப் போடுவார், ப்ளேன்டீ தானே கொண்டுவருவார். யட்டவத்தையில் ஒரு புடவைக்கடை முதலாளி ஏபி. டொக்டர் அந்தப் பக்கம் போனால் அவர் கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் வரமாட்டார். முதலாளி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "டொக்டர் கடைக்கு வந்தா துணிய பாக்குறதில்ல மிஸ், என்னயத்தான் மேலயும் கீழயும் பாக்குறாரு. நான் மெலிஞ்சா அவருக்குக் கவல." அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த முகாமுக்கு முதல் ஆளாக வந்து நின்றதும் அவர்தான்.

யார் என்று கேட்காதீர்கள் என்ற சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒருமுறை பெரிய இடத்துப் பிள்ளை ஒன்று மோட்டார் சைக்கிளில் விழுந்துவிட்டது. போன் வந்ததும் இங்கே ஒரே அமளி. யாருடைய மகன், எந்தக் குடும்பம், யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள். அந்தப் பரபரப்பில் இரத்த வங்கியில் ஒருத்தர் பையைத் தரையில் போட்டுவிட்டார். உறைந்த பை விழுந்தால் விரிசல் விடும், பிறகு அது ஆகாது. இன்னொரு பையை எடுத்துப் போட்டு, அதிர்ஷ்டவசமாகப் பையன் பிழைத்தான். அன்று மாலை டொக்டர் நவாஸ் எங்கள் பக்கம் வந்தார். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். ஏசவில்லை.

"யாருன்னு தெரிஞ்சா ஒன்னு கை வேகமாப் போகும், இல்லாட்டி மெதுவாப் போகும். ரெண்டும் எனக்கு வேணாம். கொழுந்து எடுக்கிறவங்களுக்குப் போற வேகம்தான் மந்திரிக்கும்."

கட்டிலில் ஏற்றும்போது பெயர், குரூப் எல்லாம் இரண்டு பேர் பார்த்துத்தான் ஏற்றவேண்டும், அதில் அவர் இம்மியும் விடமாட்டார். ஆனால் பை தண்ணீரில் விழுகிற வரைக்கும் பெயர் வேண்டாம். இப்படிப் போட்ட சட்டத்தால்தான், அவர் காரில் நசுங்கிக் கிடந்தபோது, அவர் யார் என்றே தெரியாமல் நிலந்தி ஏபி பைகள் நான்கை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். அவர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் அவை உருகிவிட்டன. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு ப்ளாஸ்மா தாமதமாகவில்லை.

இனி அந்தக் கட்டிலடியில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய சட்டையை வெட்டியது நான். கத்தரிக்கோல் போய்க்கொண்டிருந்தது, என் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. முகம் சாம்பல் நிறம். ஆனால் நினைவு இருந்தது, கண் எல்லாவற்றையும் பார்த்தது. நிலந்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே ஓடிவந்தாள். ட்ரொலியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து பெட்டி நழுவியது. நான் ஒரு கையால் பிடித்தேன். "அனே, அபே டொக்டர்" என்றாள், ஐயோ, எங்கள் டொக்டர் என்று. அப்போது படுத்திருந்த அவர் பேசினார். பக்கத்து ட்ரொலியைக் கண்ணால் காட்டினார்.

"அவர்ட குரூப் தெரியாதுதானே. ஏபிய அவருக்கு வைங்க. நான் பி, ஒங்களுக்குத் தெரியும்தானே. எனக்கு பி உருக்குங்க. சீக்கிரம், மிஸ். சீக்கிரம்."

இதுதான் அவர் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவருடைய குரூப் எங்கள் எல்லோருக்கும் தெரியும், வருஷா வருஷம் இங்கேயே படுத்து இரத்தம் கொடுக்கிற ஆள். பி ஆளுக்கு பி ப்ளாஸ்மா, ஏபிக்குச் சமமாகவே வேலை செய்யும். குரூப் தெரியாத டிரைவருக்கு ஏபியை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. வேறு எந்த நோயாளி அந்த ட்ரொலியில் கிடந்திருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். அது தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது அவருடைய வேலை. இடுப்பெலும்பு உடைந்து கிடக்கும்போதும் வேலை வாயில் வந்துவிட்டது.

ஆனால் பி இன்னும் கல்லாகவே இருந்தது. அது உருகும் வரை அவரைச் சும்மா வைத்திருக்க நான் தயாராக இல்லை. நான் அவரிடம், "வாய மூடுங்க டொக்டர்" என்றேன். எத்தனையோ வருஷம் எத்தனையோ வாய்ச்சண்டை போட்டிருக்கிறோம், அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. நிலந்தியிடம் பெயரையும் பை இலக்கத்தையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள், குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனாலும் எழுத்து விடாமல் வாசித்தாள். ஏபி இரண்டு அவருக்கு, இரண்டு டிரைவருக்கு. தொங்கவிட்டேன். அவர் அதைப் பார்த்தார். மறுக்கவில்லை. கையை இழுக்கவில்லை. பிறகு நிலந்தி ஓடிப்போய் பி பைகளைப் போட்டாள், அவை உருகியதும் தியேட்டருக்குப் போய் அதுவும் அவருக்கு ஏறியது. சிவப்பும் ஏறியது. சத்திர சிகிச்சை டொக்டர் வியர்வை வழிய வழிய வேலை செய்தார். டிரைவர் பிழைத்துக்கொண்டார். இவர் போய்விட்டார். உள்ளே அத்தனை இடத்தில் கிழிந்திருந்தது என்றார்கள்.

எல்லாம் சரியாக நடந்தது. எனக்குத் தாங்க முடியாதது அதுதான். ஒரு பிழை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழலாம், யாரையாவது திட்டலாம். போன் நேரத்துக்கு வந்தது, பை நேரத்துக்கு உருகியது, கை நேரத்துக்கு ஏற்றியது, அப்படியிருந்தும் மனுஷன் இல்லை. இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படியும் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கதை கிளம்பியது அன்று மாலையே. ட்ரொலி தள்ளிய அட்டென்டன் தான் கேட்டதைத் தேநீர்க் கடையில் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன், பாவம், கேட்டதைக் கேட்டபடியேதான் சொன்னார். ஆனால் வெளியில் உள்ளவர்களுக்கு ஏபி என்றால் ஏதோ தங்கம், பி என்றால் ஒன்றுமில்லை. இரண்டாவது வாய்க்குப் போகும்போது பி விழுந்துவிட்டது. மூன்றாவது வாயில் சீக்கிரம் என்ற சொல்லும் விழுந்துவிட்டது. ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கும்போது, தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மௌத்தானவர் என்று ஊரே பேசியது. கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாகிவிட்டது. யட்டவத்தை முதலாளி எனக்குப் போன் செய்து அழுதார். தான் கொடுத்ததைத்தானா டொக்டர் வேண்டாம் என்றார் என்று கேட்டார். எந்தப் பை யாருடையது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. ஏபி ஏறியது, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னேன். வளர்ந்த மனுஷன் போனிலேயே விம்மினார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவருடைய வீட்டுக்குப் போனேன். ஃபரீனா இத்தாவில் இருந்தார். கணவர் போனால் முஸ்லிம் பெண்கள் சில மாதம் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. பெண் என்பதால் என்னை உள்ளே அழைத்துப் போனார்கள். வெள்ளை உடுப்பில் பாயில் உட்கார்ந்திருந்தார். சுற்றிவர உறவுப் பெண்கள். ஒரு பெரியம்மா, என்னை யார் என்று தெரியாமல், மகள் நீ கொடுத்துவைத்தவள், எப்படிப்பட்ட மௌத்து, அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஃபரீனா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அது ஆறுதல் அடைந்த முகம் இல்லை. அழுது ஓய்ந்த முகமும் இல்லை. யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

என்னைக் கண்டதும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "மிஸ், எங்கள நெனக்கலயா அவர்? பிள்ளய நெனக்கலயா? வேணாம்னு எப்படி வாய் வந்திச்சி?"

அந்த அறையில் உண்மையைச் சொல்வது சுலபமில்லை. அத்தனை பெண்களும் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். நான் அதை உடைக்கப்போகிறேன், அதுவும் வேற்று மனுஷி. ஆனால் அந்தக் கதை அவருக்குப் பெருமை, இவருக்கு நெருப்பு. நான் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை என்றேன். ஏபி, பி, யாருக்கு எது என்று விரலை மடக்கி மடக்கி விளக்கினேன். நான் வாயை மூடச் சொன்னதையும் சொன்னேன். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. கடைசியில், அவர் தனக்கு பி கேட்டார், சீக்கிரம் என்று கேட்டார் என்றேன்.

ஃபரீனா என் கையைப் பிடித்தார். "சீக்கிரம்னு சொன்னாரா?"

"ரெண்டு தடவ சொன்னாங்க."

"பயந்தாரா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை. ஆமாம், பயந்தார் என்றேன். கண்ணில் தெரிந்தது என்றேன்.

"அப்ப அவருக்கு வீட்டுக்கு வரத்தான் ஆச இருந்திக்கி" என்றார் ஃபரீனா. அதற்குப் பிறகுதான் அழுதார். அந்த வீட்டில் அவர் வாய் விட்டு அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பெரியம்மா என்னிடம் வாசலில் சொன்னார்.

ஆகவே கதை சொல்கிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் நல்லவர் என்பதற்கு இட்டுக்கட்டிய சாட்சி தேவையில்லை, உயிரோடு நடமாடுகிற சாட்சிகள் மாத்தளையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் வீட்டு ஆள் ஒருவர் அந்த ட்ரொலியில் கிடக்கும்போது, நல்லவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று அவருக்குத் தோன்றிவிடக் கூடாது. ப்ளாஸ்மா கேட்டு வாங்குகிற சாமான். அவர் கேட்டார்.

அவருடைய போன் சட்டமும், முறைப்பும், மசாலாக் கடைப் புலம்பலும் எங்கள் எல்லோருக்கும் பொது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். அத்தனை பேருடைய பயத்தைப் பார்த்துப் பழகிய மனுஷன், தன் முறை வந்தபோது வெட்கப்படாமல் பயந்தார். சாக விருப்பமில்லாமல் என் கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.